பதினேழாவது மணி

கிளைப்பேடா துறைமுகத்தில் நேற்றிலிருந்து பனிமழை.
கருவிக்கு எதிரே இரண்டு நாற்காலிதான் உண்டு.
நடுவில் ஒன்றைக் காலியாக விட்டு உட்கார
அவர்களுக்கு மூன்றாவது தேவைப்பட்டது.
தேடி எடுத்துவந்தேன்.

நீதிமன்றத்து உறையை
இருவர் முன்னிலையில்தான் பிரிக்கவேண்டும்.
உள்ளே ஒரு மாலை, நாற்பத்து மூன்று மணி.
அசல் அம்பரா எனத் தெரிவிக்கவும்.
வீடு பிரித்தாகிவிட்டதாம். படகு விற்றாகிவிட்டதாம்.
பாக்கி இது.

விலை எனக்குத் தெரியாது.
தெரிந்ததெல்லாம் நடுக்கம்.
கார்பனும் ஆக்சிஜனும் கைகோத்த இடம் ஒரு கதியில் ஆடும்,
கார்பனும் ஹைட்ரஜனும் இன்னும் துடியாக.
அகச்சிவப்பு உள்ளே நுழைந்து
தன் தாளத்துக்கு ஆடுகிறவர்களிடம் மட்டும்
தன்னைக் கொடுத்துவிட்டு வரும்.
கொடுத்த இடமெல்லாம் தாளில் பள்ளம்.
பதினொரு வருஷமாகப் பள்ளம் படிக்கிறேன்.

முதலில் வெறும் வைரத்தைப் பார்க்கவேண்டும்,
ஆல்கஹாலில் துடைத்து, மேலே எதுவும் வைக்காமல்.
அறையின் காற்றைக் காட்டி
இதையெல்லாம் கழித்துக்கொள் என்று சொல்லிவைப்பது.
அதன்பின் பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது.
விட்டால் கரியமில வாயு
இரண்டாயிரத்து முன்னூற்று ஐம்பதில்
இரட்டைப் பல்லைக் காட்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று.
ஆயிரத்து இருநூற்று ஐம்பதைத் தாண்டியதும்
கோடு சரியாமல் கொஞ்ச தூரம் சமமாய் நடந்து
பிறகு விழுகிறது. தோள் என்போம் அதை.
பால்டிக் கரைப் பிசினுக்குத்தான் அந்தத் தோள்.
நாலு கோடி வருஷம் புதைந்து கிடந்தால்தான் வருமோ என்னவோ.

பதினாறு வரை தோள்.
பதினேழில் இல்லை.
துடைத்தேன், புரட்டி வைத்தேன், அப்போதும் இல்லை.
ஆயிரத்து அறுநூற்று நாற்பதில் ஒன்று,
ஆயிரத்து ஐந்நூற்று முப்பதில் ஒன்று,
ஆழமான ஜோடி. புரதம்.
அதாவது பால்.
பாலைத் திரித்து, பிழிந்து, ஃபார்மலினில் ஊறப்போட்டு இறுக்கியது.
பழைய கோட்டுப் பொத்தான்கள் அதில்தான் செய்வார்கள்.

"இது ஒன்று மட்டும் அம்பர் இல்லை" என்றேன்.
"அதெப்படி?" என்றாள் ஔஷ்ரினே,
என்னைப் பார்த்து அல்ல.
வைதோட்டஸ் குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மேலிருந்து இரண்டாவது பொத்தான்
மற்றவற்றோடு சேராத கறுப்பு.

நிதா மணல்மேட்டில் மாலை அறுந்த இரவாம்.
அவள் தூங்கிவிட்டாளாம்.
டார்ச் அடித்து விடியும்வரை சலித்தும்
நாற்பத்திரண்டுதான் சிக்கியதாம்.
கூடாரத்தில் அரம் இருந்தது. தேநீர் இருந்தது, ஊறவைக்க.
பத்தொன்பது வருஷம்.

"சொல்லியிருக்கலாம்."
"நீ எண்ணிப் பார்ப்பாய் என்று பயம்."
"எண்ணினேனே. காலையில் எழுந்ததும்.
சரியாக இருந்தது."

அறிக்கைக்காக மூன்றாம் முறை ஓட்டினேன்.
முப்பத்திரண்டு வருடல், அரை நிமிஷம்,
ஒருவரும் பேசவில்லை.
நாற்பத்து மூன்றும் அம்பர் என்றே போடமுடியுமா என்று
பிறகு கேட்டான். முடியாது என்றேன்.
மாதிரி 17, கேசீன்.
அடுத்த கட்டத்தை வெற்றாக விட்டால்
படிவம் மேலே நகராது. "பொருந்தாது" என்று தட்டினேன்.

மிச்சம் இருபத்தாறும் தோளோடு வந்தன.

அவர்கள் போனபின்
மூன்றாம் ஓட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஜோடிப் பள்ளத்துக்கு இடதுபுறம், வெகு தள்ளி,
மெல்லிய இரட்டைப் பல்.
யாரோ பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்.
நான் இல்லை, நான் அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.
இன்னாருடையது என்று சொல்ல
இந்தத் தாளில் எண் கிடையாது.

அழித்துவிட்டு மறுபடி ஓட்டவேண்டும், அதுதான் விதி.
அப்படியே அச்சிட்டு உறையில் வைத்து
எச்சில் தொட்டு ஒட்டினேன்.
மூன்றாவது நாற்காலியைத்
திருப்பிக் கொண்டுபோய் வைக்கவேண்டும்.